பேச்சிலருக்கு வீடு கிடைக்குமா?

டிப்ளமோ கைக்கு வந்ததும் அம்பத்தூருக்கோ ஒரகடத்துக்கோ மூட்டை கட்டப் போகிறோம். வேலை கிடைத்துவிடும். வீடு?

தொழிற்பயிற்சிக்காக நாங்கள் மூன்று பேர் அம்பத்தூரில் ‘டு-லெட்’ போர்டு கண்ட இடமெல்லாம் ஏறி இறங்கினோம். முதல் வீட்டில், "பேச்சிலர்ஸா? ஃபேமிலிக்குத்தான் தம்பி." இரண்டாவதில், "கறி, மீன் சமைப்பீங்களா?" மூன்றாவதில் ஊரைக் கேட்டார்கள், தெருவைக் கேட்டார்கள், அப்பா பெயரைக் கேட்டார்கள். கேட்டது சாதியை என்பது படி இறங்கும்போதுதான் புரிந்தது.

நாலாவது வீட்டு அம்மா மனம்விட்டுச் சொன்னார்: "வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வரணும். சொன்னா காலி பண்ணணும். போலீஸ் வந்து யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" வீட்டுக்காரர் வைக்கும் பரீட்சையில் இவைதான் முக்கியமான மூன்று கேள்விகள். விடைகளைக் கையோடு கொண்டு போங்கள்: கம்பெனியின் பயிற்சிக் கடிதம், ஆதார் நகல், அப்பாவின் போன் நம்பர். கொடுத்தோம், சாவி கிடைத்தது!

நமக்கும் உரிமை உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. சென்னையில் பத்து மாதம் கேட்பது வெறும் பழக்கம். தயங்காமல் பேசிக் குறையுங்கள், ரசீது வாங்குங்கள்.

மூன்றாவது வீட்டுக் கேள்விக்கு மட்டும் எந்தக் காகிதமும் விடையில்லை. நாளை நாம் வீடு கட்டி ‘டு-லெட்’ போர்டு மாட்டும்போது அதைக் கேட்காமல் இருப்போமா?