ஃபர்னஸ் ஸ்டார்ட் ஆகலையா? டெக்னீஷியனைக் கூப்பிடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ், கனெக்டிகட் பக்கம் வேலைக்குப் போய், பழைய வீடு வாங்கியிருக்கீங்களா? அங்க நிறைய வீடுகளுக்கு ஆயில் ஃபர்னஸ்தான். கோடை முடிஞ்சு முதல் குளிர் ராத்திரி தெர்மோஸ்டாட்டை ஏத்துறீங்க, ஒரு சத்தமும் இல்லை. ராத்திரியில ஆள் வந்தா எமர்ஜென்சி கட்டணம் தனி.

முதல்ல பேஸ்மென்ட் படிக்கட்டுப் பக்கம் இருக்கிற சிவப்பு ஸ்விட்ச். லைட்டுன்னு நினைச்சு யாராவது அணைச்சிருக்கலாம். (சிரிக்காதீங்க, இதுக்கே காசு கொடுத்தவங்க இருக்காங்க!) அப்புறம் பிரேக்கர், தெர்மோஸ்டாட் பேட்டரி, அது 'ஹீட்'ல இருக்கா. ஆயில் டேங்க் முள்ளையும் பாருங்க. டேங்க் காலியாகியிருந்தா, நிரப்பினா மட்டும் போதாது. பைப்ல அடைச்ச காத்தை வெளியேத்தினாதான் பர்னர் பத்தும்.

எல்லாம் சரியா இருந்தும் ஓடலையா? பர்னர்ல இருக்கிற ரீசெட் பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்துங்க. பத்தலைன்னா கையை எடுத்துடுங்க. திரும்பத் திரும்ப அழுத்தினா எரியாத ஆயில் உள்ளே சேரும். அப்புறம் பத்தும்போது குபீர்னு வெடிச்சு வீடு முழுக்க கரி படியும். அந்தச் செலவுக்கு முன்னாடி டெக்னீஷியன் பில் ஒண்ணுமே இல்லை.

மிச்சம் பெரும்பாலும் ஃபில்டர், நாசில் அடைப்பு, கரி படிஞ்ச சென்சார். அது அவர் வேலை. வருஷா வருஷம் ஆகஸ்ட்லயே சர்வீஸ் போட்டு, அந்தத் தொகையை மாச பட்ஜெட்ல 12ஆ பிரிச்சு ஒதுக்கிடுங்க.