மேடைக்கு எதைக் கொண்டுவருவது?

1902-இல் மாஸ்கோ கலை அரங்கம் இரண்டு நாடகங்களுக்காக இரண்டு இடங்களை நேரில் போய்ப் பார்த்தது. டால்ஸ்டாயின் ‘இருளின் ஆதிக்கம்’ கிராமத்துக் கதை என்பதால் இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் குழு கதை நடக்கும் தூலா பகுதிக்குப் போனது. வீடு, முற்றம், சடங்கு எல்லாவற்றையும் கவனித்து, உடுப்புகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் வாங்கி வந்தது. கூடவே, சந்தேகம் கேட்டுக்கொள்ள ஒரு கிழவரையும் ஒரு கிழவியையும் அழைத்து வந்தது. ஒத்திகையில் அந்தக் கிழவி ஒரு வேடத்தை நடித்துக் காட்டியதும், தேர்ந்த நடிகர்கள் அத்தனை பேரும் போலியாகத் தெரிந்தார்கள். கும்பலோடு நிற்க வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் அப்படியே. கடைசியில் அவர் பாட்டை மட்டும் பதிவு செய்து பின்னணியில் ஒலிக்க விட்டார்கள். சாமான்கள் எல்லாம் அசல். ஆனால் டால்ஸ்டாய் எழுதிய மன இருள் மேடையில் இல்லை. அந்தப் பொருள்களே நாடகத்தை அமுக்கிவிட்டதை ஸ்தானிஸ்லாவ்ஸ்கி பின்னாளில் தம் நூலில் ஒப்புக்கொண்டார்.

அதே ஆண்டு கார்க்கியின் ‘அடித்தளத்தில்’ நாடகத்துக்காக மாஸ்கோவின் கீத்ரோவ் சந்தைக்கு, வீடற்றவர்கள் இரவில் ஒண்டும் விடுதிகளுக்குப் போனார்கள். பலகைப் படுக்கைகளில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களில் சிலர், கூலிக்கு நாடகப் பிரதிகளை நகலெடுத்துத் தருகிறவர்கள். அவர்கள் போற்றி வைத்திருந்த ஒரு பத்திரிகைப் படத்தைக் காட்சியமைப்பாளர் சீமோவ் குறை சொல்லிவிட, அடிதடி வரை போய்விட்டது. ஒரு படம் போனால் தன்னிடம் வேறொன்றும் மிஞ்சாது என்கிற நிலையில் இருப்பவனின் கோபம் அது. என்ன விலை கொடுத்தாவது விடுதலை என்பதே இந்த நாடகத்தின் உள்பொருள் என்று ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்குப் பிடிபட்டது அங்கேதான். இந்த நாடகம் பெரும் வெற்றி பெற்றது. இரண்டு பயணங்களிலும் உழைப்பு ஒன்றுதான். முதலாவதில் கண்ட பொருளை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவதில் அந்தப் பொருள் அங்கு வாழ்கிறவரை என்ன செய்கிறது என்பதைக் கொண்டுவந்தார்கள். மேடை, உடை, ஒளி அமைப்பவர்கள் தூண்டுதல் தேடும்போது கேட்க வேண்டிய கேள்வி இந்த இரண்டாவதில் இருக்கிறது என்பது என் கட்சி.

அப்படியானால் காலத்தையும் ஊரையும் ஆராய வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் ஆராய வேண்டும். சோழர் காலத்து அரசன் ஜரிகை போட்ட வெல்வெட் அங்கியில் வந்தால், விவரம் தெரிந்தவர் மனம் அங்கேயே விலகிவிடும். ஆனால் பிழை இல்லாத மேடை என்பதும் பேசுகிற மேடை என்பதும் வேறு வேறு. பீட்டர் புரூக் 1970-இல் ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தை இயக்கியபோது, காட்சியமைப்பாளர் சாலி ஜேக்கப்ஸ் ஏதென்ஸையும் வரையவில்லை, காட்டையும் வரையவில்லை. மூன்று பக்கமும் வெள்ளைச் சுவர் எழுப்பி, மேலே நடைபாதை வைத்து, ஊஞ்சல்களைத் தொங்கவிட்டார். நள்ளிரவுக் காடு பளீரென்ற வெள்ளை வெளிச்சத்தில் நடந்தது. மேலே நின்ற தேவதைகள் தூண்டில் கழியில் கட்டி இறக்கிய கம்பிச் சுருள்களே மரங்கள். மாயப் பூவோ, கோலின் நுனியில் சுழலும் ஒரு தட்டு. தேவதை அரசன் ஓபரானின் கோலுக்கும் அவன் ஏவலாள் பக்கின் கோலுக்குமாக அது தாவியது. தட்டு, ஊஞ்சல், தொளதொளத்த பட்டுக் கால்சட்டை எல்லாம் சீன சர்க்கஸிலிருந்து வந்தவை. சர்க்கஸ்காரர் எதையும் மறைப்பதில்லை, ஆனாலும் நாம் வாய் பிளக்கிறோம். மாயத்தை இருட்டில் ஒளிக்காமல் கண்ணெதிரே நிகழ்த்த நினைத்தவருக்கு அந்த வித்தைதான் தேவைப்பட்டது. ஷேக்ஸ்பியரைக் கெடுத்துவிட்டார்கள் என்று குறைப்பட்டவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சுவர்களுக்கு முன்னால் ஒளிய இடமில்லாமல் வசனம் முழுசாகக் காதில் விழுந்தது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: அடுத்தவர் மரபிலிருந்து எடுப்பது திருட்டில்லையா? தோற்றத்தை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய அப்படித்தான். நம் தெருக்கூத்துக் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் படம் பார்த்துப் பிளாஸ்டிக்கில் செய்து மாட்டிக்கொண்டால் அது வெறும் அலங்காரம். அவை இலேசான மரத்தில் செய்யப்பட்டவை, விடிய விடிய ஆடுகிறவர் சுமக்க வேண்டும் என்பதால். கண்ணாடிச் சில்லு பதித்தவை, விளக்கு வெளிச்சத்தை வாங்கிக் கடைசி வரிசை வரை மின்ன வேண்டும் என்பதால். உடையே பாதி ஒளியமைப்பு. பாரிஸில் இயக்குநர் அரியான் முனூஷ்கின் 2016-இல் ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்துக்குத் தெருக்கூத்தை எடுத்துக்கொண்டபோது, கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானிடம் தம் நடிகர்களை முறையாகப் பயில வைத்தார். அடவும் பாட்டும் உடம்பில் ஏறிய பிறகே வேடம் கட்டினார்கள்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறவருக்குப் பாரிஸும் மாஸ்கோவும் வேண்டியதில்லை. சாவு வீட்டு வாசலில் கட்டிய டியூப்லைட் முகங்களை எப்படி வெளிறடிக்கிறது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண் பையை எந்தக் கையில் எப்படிப் பற்றியிருக்கிறாள் என்று பார்த்துக் குறித்துவைத்தால் போதும். வாடகைக்கு எடுத்த அரண்மனைத் திரையைவிட அந்தக் குறிப்பேடு அவருக்கு அதிகம் உதவும்.