இலக்கிய எடுத்தாளுகையும் ஆசிரியர் உரிமையும்

இலக்கிய எடுத்தாளுகை என்பது ஒருவர் படைத்த கதை, பாடல், கருத்து அல்லது சொற்களை மற்றொருவர் தம் படைப்பில் பயன்படுத்துவதாகும். மூலத்தை மறைத்துத் தமதாகக் காட்டினால் அது இலக்கியத் திருட்டு எனப்படும்.

பழந்தமிழ் மரபு

தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கிறது. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூல் நான்கு வகைப்படும். நன்னூல் இவற்றுடன் சார்புநூலையும் சேர்க்கிறது. எனவே முன்னோரைப் பின்பற்றி எழுதுவது குற்றமாகக் கருதப்படவில்லை. கம்பர் வான்மீகியையும், பாரதியார் பாஞ்சாலி சபதத்தில் (முதற்பாகம் 1912) வியாசரையும் பின்பற்றினர். இருவருமே அதை வெளிப்படையாகக் கூறினர். பிறர் பாடலைத் தம் பாடலென்று கூறுபவரைப் பாட்டியல் நூல்கள் ‘கள்ளக்கவி’ என்று இகழ்ந்தன.

அச்சும் திரைப்படமும்

அச்சுத்தொழில் வளர்ந்தபின் படைப்பு விற்கவும் வாங்கவும் கூடிய உடைமையாயிற்று. பாரதியார் 1921-இல் மறைந்தார். பின்னர் அவருடைய பாடல்களின் ஒலிப்பதிவு, திரைப்பட உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ (1948) படத்தில் பாரதியார் பாடலைப் பயன்படுத்தியபோது தகராறு எழுந்தது. மக்கள் கவிஞரின் பாட்டு ஒருவருக்கே சொந்தமாகலாமா என்ற கேள்வி வலுத்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற முன்வந்தது. பின்னர் அவர் படைப்புகள் பொதுவுடைமையாயின.

இணையக் காலம்

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகளால் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதேவேளை, வாட்ஸ்அப்பில் பகிரப்படும் கவிதைகள் பல, எழுதியவர் பெயர் நீங்கியோ வேறொருவர் பெயருடனோ உலவுகின்றன. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் உரைக்கு ஆசிரியர் யார் என்பதும் இன்று விவாதப் பொருளாகியுள்ளது.

சட்டமும் நெறியும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, இலக்கியப் படைப்பின் உரிமை ஆசிரியர் வாழ்நாளிலும் அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையை விற்றுவிட்டாலும், படைப்பைத் தமதென்று கூறும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்று அச்சட்டத்தின் 57-ஆம் பிரிவு கூறுகிறது.

பொதுவுடைமை என்பது கட்டணமும் அனுமதியும் தேவையில்லை என்பதையே குறிக்கும். ஆசிரியர் பெயரை நீக்கலாம் என்பதன்று. பாரதியார் பாடலை யாரும் அச்சிடலாம், பாடலாம், இணையத்தில் ஏற்றலாம். அதன்கீழ்த் தம் பெயரை இடுபவர் இன்றும் கள்ளக்கவியே. கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும் இந்நெறி பொருந்தும்: எடுத்த வரியை மேற்கோள் குறிக்குள் இட்டு, ஆசிரியர் பெயரையும் நூலின் பெயரையும் குறிப்பிட வேண்டும்.