நல்ல மனிதர் பேசிய சொல்: அமிர்தலிங்கமும் 'துரோகி'ப் பட்டமும்

ஓர் அரசியல்வாதி மேடையில் ஏறி இன்னொரு சமூகத்தை இழித்துப் பேசிவிட்டால், மறுநாள் தேநீர்க் கடையில் இரண்டு விதமான கதைகள் நடக்கும். "அவன் இனவாதி" என்பது ஒன்று. "அவர் ஆளைப் பார்த்தால் நல்ல மனிசன், வாக்குக்காக அப்படிப் பேசுகிறார்" என்பது மற்றது. இரண்டு கதைகளும் பேசியவரைப் பற்றியவையே. பேசப்பட்ட சொல் அதன் பிறகு எங்கே போனது, யார் வாயில் ஏறியது, யார் தலையில் விழுந்தது என்று எவரும் கேட்பதில்லை. வடபுல முஸ்லிம்களாகிய நாம் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு வட்டுக்கோட்டையின் அரசியல் வரலாற்றை விடப் பொருத்தமான இடம் இல்லை.

வட்டுக்கோட்டைத் தொகுதியிலுள்ள பண்ணாகத்தில் 1927 ஆம் ஆண்டு பிறந்தவர் அ. அமிர்தலிங்கம். 1952 இல் அங்கு போட்டியிட்டுத் தோற்றார். 1956 இல் வென்று 1970 வரை அத்தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். அவருடைய தனிப்பட்ட குணத்தில் அவரது எதிரிகளும் பெரிதாகக் குறை கண்டதில்லை. 1956 ஜூன் 5 ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத்திடலில் நடந்த சத்தியாக்கிரகத்தில் காடையர்களிடம் அடிவாங்கி, தலையில் கட்டுடன் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தவர். பிரதமர் பண்டாரநாயக்க அந்தக் காயத்தைக் கேலி செய்தார். சட்டத்தரணி, நாவன்மை மிக்கவர், ஆதரவாளர்களுக்குத் 'தளபதி'. இளைஞர்கள் தம் விரலைக் கீறி அவர் நெற்றியில் இரத்தத் திலகம் இட்டார்கள்.

அதே மனிதர் சிங்கள மக்களில் பெரும்பாலானோருக்கு நாட்டைப் பிளக்க வந்த இனவாதி. 1977 ஓகஸ்ட் வன்முறையில் தமிழர்கள் வெட்டப்பட்டதற்கும், வீடிழந்ததற்கும் கூட அவருடைய பேச்சே காரணம் என்று சொன்னவர்கள் உண்டு. 1981 ஜூலையில் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியினர் எதிர்க்கட்சித் தலைவரான அவர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தார்கள். அரசாங்கம் ஒன்று எதிர்க்கட்சித் தலைவர் மீது நம்பிக்கையில்லை என்று வாக்கெடுப்பது உலகில் வேறெங்கும் கேள்விப்படாத விசித்திரம். அந்த விவாதத்தில் அவரை எப்படியெல்லாம் தண்டிக்கலாம், கொல்லலாம் என்று உறுப்பினர்கள் சபையிலேயே பேசினார்கள். ஆளும் கட்சியிலிருந்தே அதை எதிர்த்து நின்றவராக ஷெல்டன் ரணராஜா நினைவுகூரப்படுகிறார். இனவாதத்தைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டு நடந்த அந்த விவாதத்தை விட அப்பட்டமான இனவாதப் பேச்சு அமிர்தலிங்கத்தின் எந்த மேடையிலும் ஒலித்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆகவே அவரை இனவாதி என்று ஒரே சொல்லில் முடிக்க நான் தயாரில்லை. அவர் கேட்டது உரிமை. ஆனால் அந்த உரிமைக் கோரிக்கைக்குள்ளே 'துரோகி' என்ற இன்னொரு பேச்சும் வளர்ந்தது. எமது கதை தொடங்குவது அங்கேதான்.

1970 தேர்தலில் அமிர்தலிங்கம் வட்டுக்கோட்டையில் சில நூறு வாக்குகளால் தோற்றார். வென்றவர் தமிழ்க் காங்கிரஸில் போட்டியிட்ட ஆ. தியாகராஜா, காரைநகர் இந்துக் கல்லூரியின் முன்னாள் அதிபர். அவரும் நல்லூர் உறுப்பினர் அருளம்பலமும் 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆதரித்து அரசாங்கத்தின் பக்கம் போனார்கள். யாழ்ப்பாணத்தில் அல்பிரட் துரையப்பா சுதந்திரக் கட்சியின் ஆளாக மாநகர முதல்வராக இருந்தார். இவர்கள் எல்லோரும் தமிழ் மேடைகளில் துரோகிகள் ஆனார்கள். அரசியல் எதிரி என்றால் தேர்தலில் தோற்கடிக்கலாம். துரோகி என்றால் தண்டனைதான். இவர்கள் இயற்கைச் சாவுக்கு உரியவர்கள் அல்லர் என்ற அளவுக்கு அக்கால மேடைகளில் பேசப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. கூட்டம் கைதட்டியது. அமிர்தலிங்கம் போன்ற மூத்தவர்கள் கைதட்டலை நிறுத்தவில்லை.

துரையப்பாவை எமது யாழ்ப்பாண முஸ்லிம்கள் வேறு கண்ணால் பார்த்தார்கள். சோனகத்தெருப் பக்கம் அவருக்கு எப்போதும் செல்வாக்கு இருந்தது. வீதி, விளக்கு, சந்தைக் கடை என்று போய்க் கேட்டால் செய்து தருகிற மேயர் அவர். 1970 இல் அவர் யாழ்ப்பாணத் தொகுதியை வெறும் 56 வாக்குகளால்தான் இழந்தார். துரோகி என்று மேடையில் சொல்லப்பட்டவருக்கு வாக்களித்தவர்கள் யார் என்ற கேள்வியை அன்று எவரும் உரத்துக் கேட்கவில்லை. ஆனால் கேட்காமலே விடை தெரிந்திருந்தது. 1975 ஜூலை 27 ஆம் திகதி, வட்டுக்கோட்டைக்கு அருகே பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வழிபடச் சென்ற துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். மேடையில் அவரைத் துரோகி என்று அழைத்தவர்கள் அந்தக் கொலையை அதே குரலில் கண்டிக்கவில்லை.

இங்கே முஸ்லிம் வாசகர் கவனிக்க வேண்டிய ஒரு வித்தியாசம் இருக்கிறது. தியாகராஜா கட்சி மாறியபோது துரோகி ஆனவர் தியாகராஜா மட்டுமே. வட்டுக்கோட்டை மக்களையோ காரைநகர் மக்களையோ யாரும் துரோகிகள் என்று சொல்லவில்லை. முஸ்லிம் ஒருவர் கட்சி மாறினால் கணக்கு வேறு. 1956 இல் தமிழரசுக் கட்சியில் கல்முனையில் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் வென்றார்கள். பின்னர் இருவரும் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தார்கள். அதற்குக் கிடைத்த பட்டம் காரியப்பருக்கோ முஸ்தபாவுக்கோ உரியதாக நிற்கவில்லை. 'தொப்பி பிரட்டிகள்' என்று அது ஒரு சமூகத்தின் தலையில் ஏறியது. இன்று வரை இறங்கவும் இல்லை. 1977 இல் பொத்துவிலில் தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்ற கனகரத்தினம் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறினார். அவரும் சுடப்பட்டு, பின்னர் இறந்தார். ஆனால் அவர் மாறியதற்காகக் கிழக்குத் தமிழர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டப்படவில்லை. சிங்கள உறுப்பினர்கள் எத்தனை தடவை கட்சி தாவியிருக்கிறார்கள் என்று எண்ணப் போனால் பொழுது போதாது. அவர்களுக்கும் தொப்பி கிடையாது.

ஒருவரின் செயலுக்கு ஒருவரையே பொறுப்பாக்குவது அரசியல் விமர்சனம். ஒருவரின் செயலுக்கு அவருடைய இனத்தையே பொறுப்பாக்குவது இனவாதம். பேசுகிறவரின் மனம் சுத்தமா அசுத்தமா என்பது இந்தக் கணக்கில் வராது.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1976 பெப்ரவரி 2 ஆம் திகதி புத்தளம் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் முஸ்லிம்கள் ஏழு பேர் ஷஹீதானார்கள். பாராளுமன்றத்தில் அதைப் பற்றிப் பேச எழுந்தவர் தந்தை செல்வா. முஸ்லிம் உறுப்பினர்கள் வாய் திறக்கவில்லை. அடுத்த மூன்று மாதங்களில், மே 14 ஆம் திகதி, பண்ணாகத்தில் அதே செல்வநாயகத்தின் தலைமையில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. தனிநாடு கோரிய அந்தத் தீர்மானம் சாதி ஒழிப்பையும், மதச்சார்பின்மையையும், எந்தச் சமயத்தவர் மீதும் மற்றவர் ஆதிக்கம் செலுத்தாத ஏற்பாட்டையும் வாக்குறுதியளித்தது. தீர்மானத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் ஒரு முஸ்லிமுக்கு அச்சப்பட அதிகம் இல்லை. இளம் சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரப் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி சார்பில் கூட்டணியுடன் கைகோர்த்தார். அமிர்தலிங்கம் ஈழம் பெற்றுத் தராவிட்டாலும் இந்தத் தம்பி பெற்றுத் தருவேன் என்ற பொருளில் அவர் மேடையில் பேசியதை இன்றும் பலர் நினைவுகூர்கிறார்கள்.

ஆனால் 1977 தேர்தலில் உதயசூரியன் சின்னத்தில் நின்ற முஸ்லிம் வேட்பாளர் ஒருவரும் கிழக்கில் வெல்லவில்லை. முஸ்லிம் வாக்காளர்கள் தீர்மானத்தின் எழுத்தை நம்பி வாக்களிக்கவில்லை, மேடையின் ஒலியைக் கேட்டு வாக்களித்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். 'தமிழ் பேசும் மக்கள்' என்று அழைக்கும் அதே வாய் நாளை 'தொப்பி பிரட்டி' என்றும் அழைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூட்டணியின் பார்வையில் அந்தத் தேர்தல் முடிவும் இன்னொரு துரோகமாகவே கணக்கு வைக்கப்பட்டது.

அதன் பிறகு அந்தச் சொல் தன்னை வளர்த்தவர்களின் கையை விட்டுப் போய்விட்டது. 1981 மே மாதம், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் முதன்மை வேட்பாளராக நின்ற தியாகராஜா தன் சொந்தத் தொகுதியிலேயே ஆயுதம் தரித்த இளைஞர்களால் சுடப்பட்டு இறந்தார். 1983 இல் ஆறாவது திருத்தச் சட்டத்தின் விளைவாகக் கூட்டணியினர் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தார்கள். அமிர்தலிங்கம் சென்னையில் தங்கினார். பேச்சுவார்த்தை, மாகாண சபை, இந்தியாவின் அனுசரணை என்று அவர் இறங்கி வந்த ஒவ்வொரு படியும் இயக்கங்களின் அகராதியில் துரோகம் என்று எழுதப்பட்டது. 1989 ஜூலை 13 ஆம் திகதி கொழும்பில் அவர் தங்கியிருந்த வீட்டுக்குப் பேச வந்த விருந்தினராகவே விடுதலைப் புலிகள் வந்தார்கள். அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் கொல்லப்பட்டார்கள். சிவசிதம்பரம் காயத்தோடு தப்பினார். நெற்றியில் இரத்தத் திலகம் இட்ட தலைமுறையில் கணிசமானோர் அந்தச் சாவுக்காக வீதிக்கு வரவில்லை. பயம் ஒரு காரணம். ஆனால் பயம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. துரோகி என்றால் சாவு என்ற கணக்கு அதற்குள் ஊருக்குப் பழகிவிட்டிருந்தது.

அடுத்த ஆண்டு எமது முறை வந்தது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளைத் தொடர்ந்து, ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்து ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் மக்களைத் திரட்டினார்கள். இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்கள் சில நாட்களுக்குள் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டார்கள். காட்டிக்கொடுப்பவர்கள், படையினருக்கு உளவு சொல்பவர்கள் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. தியாகராஜாவுக்கும் துரையப்பாவுக்கும் ஒரு பெயராவது இருந்தது. எமக்குத் தனித்தனிப் பெயர் கூட இல்லை. தொட்டில் குழந்தை முதல் படுக்கையில் கிடந்த முதியவர் வரை ஒரே குற்றப்பத்திரிகை.

இதற்கெல்லாம் அமிர்தலிங்கம் பொறுப்பா என்று சிலர் கோபப்படலாம். வெளியேற்றம் நடந்தபோது அவர் கபுறுக்குப் போனவர் போல மண்ணுக்குள் இருந்தார். உயிரோடிருந்தால் அதை எதிர்த்திருப்பார் என்றே நம்புகிறேன். வெளியேற்றியவர்கள் புலிகள், அதில் குழப்பம் எதுவும் இல்லை. நான் சொல்வது வேறு. ஒருவரைத் துரோகி என்று அழைத்தால் விசாரணை தேவையில்லை, சாட்சி தேவையில்லை, அவர் பக்கத்துக் கதையைக் கேட்கத் தேவையில்லை என்ற பழக்கத்தை யாழ்ப்பாணத்து மேடைகள் இருபது வருடங்கள் கற்றுக்கொடுத்தன. கற்றுக்கொடுத்தவர்களில் பலர் கண்ணியமானவர்கள். அதனால்தான் அந்தப் பாடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்தது. ஒரு சண்டியன் பேசியிருந்தால் சனம் சிரித்துவிட்டுப் போயிருக்கும்.

ஆகவே இன்று ஒரு பிக்குவோ, ஒரு பாராளுமன்ற உறுப்பினரோ முஸ்லிம்களைப் பற்றித் தாறுமாறாகப் பேசும்போது, அவர் தனிப்பட்ட வாழ்வில் எப்படிப்பட்டவர், வைத்தியரா, படித்தவரா, ஊழல் செய்யாதவரா என்று ஆராய்வதில் நாம் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. அவருடைய கெட்ட நடத்தையைத் தோண்டியெடுத்துப் பகிர்வதும் அதே வீண் வேலை. அவர் நாளைக்கே திருந்தி நல்லவராகிவிட்டால் பேச்சும் நல்லதாகிவிடுமா? அவர் சொன்னது ஒருவர் செய்த செயலைப் பற்றியதா, ஒரு சமூகத்தின் பிறப்பைப் பற்றியதா என்பதே பார்க்க வேண்டியது. கைதட்டியவர்கள் யார், வாய் மூடியிருந்தவர்கள் யார் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இதே அளவுகோலை எமக்கும் வைத்துப் பார்ப்பது கொஞ்சம் சங்கடம்தான். 2020 ஒக்டோபரில், எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், எதிர்க்கட்சி வரிசையிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் 20 ஆவது திருத்தத்துக்கு ஆதரவாகக் கையுயர்த்தினார்கள். சமூகம் கொதித்தது. கொதித்ததில் நியாயம் இருந்தது. எதற்காக வாக்களித்தீர்கள், பதிலுக்கு என்ன கேட்டீர்கள், என்ன கிடைத்தது என்று அவர்களை நிறுத்தி வைத்துக் கேட்டிருக்க வேண்டும். அதைவிட அதிகமாகக் கேட்டது 'சமூகத் துரோகி', 'முனாபிக்' என்ற சொற்கள்தான். அவர்களுடைய ஊர்களையும் சேர்த்துத் திட்டியவர்கள் இருந்தார்கள். கிழக்கான் என்றால் இப்படித்தான் என்று வடக்கிலும், வன்னியான் என்றால் அப்படித்தான் என்று கிழக்கிலும் பேசப்பட்டது. அதே நாட்களில் வெளியிலிருந்து 'தொப்பி பிரட்டி' என்ற பழைய பட்டமும் திரும்ப வந்தது. மறுத்துப் பேச எழுந்தவர்களுக்கு, நீங்களே உங்கள் ஆட்களை அப்படித்தானே அழைக்கிறீர்கள் என்ற பதில் தயாராக இருந்தது.