பெற்றோல் மானி பொய் சொன்னால்

பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் நேயர்களுள் பலர், பெற்றோல் மானியின் முள்ளை நம்புவதை என்றோ கைவிட்டிருப்பர். நடுவழியில் வண்டி நின்றுவிடுமோ என்று அஞ்சித் தாங்கியை எந்நேரமும் நிரப்பி வைப்பாரும் உளர். மானியே பழுதென்று எண்ணிப் புதியதொன்றை வாங்கிப் பூட்டி ஏமாறுவாரும் உளர். குற்றம் எங்கேயுள்ளது என்று அறிந்த பின்னரே காசைச் செலவிடுதல் அறிவுடைமையாம்.

இவ்வமைப்பில் முக்கியமான உறுப்புகள் இரண்டு. ஒன்று, நம் கண்முன்னே உள்ள மானி. மற்றையது, தாங்கியினுள்ளே மிதவையோடு கூடிய 'சென்டர்'. பெற்றோலுடன் மிதவை ஏறி இறங்க, அதன் கை ஒரு தடைக்கம்பிச் சுருளின் மீது நகர்கின்றது. தடை மாற மின்னோட்டமும் மாறும்; முள்ளும் அசையும்.

பழைய பிரித்தானிய வண்டிகளில் மானி இருவகைப்படும். மொறிஸ் மைனர் போன்றவற்றின் தொடக்ககால மானிகளில் மின்காந்தச் சுருள்கள் இரண்டு உண்டு. சாவியைத் திருப்பியதும் முள் துள்ளியெழும். 1960களில் பரவிய மற்றைய வகையில், வெப்பத்தால் வளையும் ஈருலோகத் தகடு முள்ளை மெல்ல நகர்த்தும். இதற்கு 10 வோல்ற் அளவில் மின்னழுத்தத்தை நிறுத்தும் நிலைப்படுத்தி ஒன்றும் தேவை.

இனிச் சோதனையைக் கவனிப்போம். சாவியை மூடியபின், சென்டரில் உள்ள கம்பியைக் கழற்றி, எதிலும் படாமல் வைத்துச் சாவியைத் திருப்புக. துள்ளும் முள் 'நிறைவு' காட்டவேண்டும். மெல்ல ஏறும் முள் 'வெறுமை'யில் நிற்கவேண்டும். மீண்டும் சாவியை மூடி, அக்கம்பியை வண்டியின் வெற்று உலோகத்தில் இணைத்தபின் திருப்புக. இப்பொழுது விடை தலைகீழாக வரும். முள் ஏறி முடிந்ததும் சாவியை உடனே மூடிவிடுக. சாவி திறந்திருக்கையில் கம்பியைத் தொடுத்தால் பொறி பறக்கலாம். பெற்றோல் ஆவியருகே அது பேராபத்து.

இரு சோதனைகளிலும் முள் பணிந்தால், மானியும் கம்பியும் பெரும்பாலும் குற்றமற்றவை, சென்டரை ஆராய்க. பணியாவிடின் கம்பியையும் மானியையும் பார்க்க. ஈருலோக வகையில் வெப்பமானியும் சேர்ந்து பிழை காட்டினால் நிலைப்படுத்தியையே முதலில் ஐயுறுக.

தாங்கியின் நிலத்தொடர்பில் துருப் பிடித்தால் தடை கூடும். அப்பொழுது ஈருலோக மானி உள்ளதிலும் குறைவாகக் காட்டும்; அதனால் பெருந்தீங்கு இல்லை. சுருள் மானியோ உள்ளதிலும் கூடுதலாகக் காட்டும். வழியில் நம்மைக் கைவிடுவது இதுவே. துருவைச் சுரண்டி, சென்டரின் உடலிலிருந்து வண்டியின் உடலுக்குத் தனிக்கம்பி ஒன்று இணைத்தால் இக்குறை நீங்கும்.

எவ்வளவு நிரப்பினும் முள் வெறுமையிலேயே கிடந்தால், மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். சென்டரைக் கழற்றுமுன் பற்றறியின் தொடர்பைத் துண்டிக்க. திறந்த வெளியில், நெருப்பின்றிச் செய்க. மிதவையை அசைக்கையில் உள்ளே பெற்றோல் தளும்பினால் ஐயமில்லை. திரும்பப் பூட்டுகையில் புதிய வளையம் இடுக.

பழுது நீங்கியபின், தாங்கி ஏறத்தாழ வெறுமையாக இருக்கும்போது ஐந்தைந்து லீற்றராக நிரப்பி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்து வைத்தல் நன்று. பழைய மானி அப்போதும் துல்லியமாக இராது. ஆயினும் அதன் பேச்சு நமக்கு விளங்கும்.