விசைப்பலகை திறக்கும் வழி

உங்கள் இல்லத்தில் பார்வை இழந்தவர் ஒருவர் இருப்பாரானால், அவருக்கு வரும் வங்கிக் கடிதத்தை வாசிப்பவர் யார்? அவருடைய கடவுச்சொல்லை அறிந்தவர் யார்? பிழைப்பிற்காக ஹவுராவில் குடியேறிய நம் குடும்பங்களில், பகலில் யாவரும் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றுவிட, மாலைவரை பிறருடைய கண்களுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் காத்திருப்பைக் குறைக்கும் கருவி, வீட்டு மேசையின்மேல் இருக்கும் கணினியே.

திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். விபத்தில் பார்வை இழந்த அமெரிக்கரான டெட் ஹென்டர் 1989-இல் ஜாஸ் என்பதை வெளியிட்டார். அத்தகைய மென்பொருள்களின் விலை ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தபடியால், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் என்விடிஏ என்னும் இலவச மென்பொருளைத் தொடங்கினார். அவரும், அவரோடு சேர்ந்து உழைத்த ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்களே. இது தமிழையும் வாசிக்கிறது.

பக்கத்தினூடே நடப்பது எப்படி?

மவுஸ் அம்பைக் கண்ணால் தொடரவேண்டும். ஆகவே அது இங்கே உதவாது. விசைகளோ இடம் மாறுவதில்லை. எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளிலும் சிறு மேடு உண்டு. சுட்டுவிரல்களை அவற்றின்மேல் வைத்தால் மற்ற விசைகளின் இடம் தெரியும். இன்செர்ட் விசையோடு 1 என்ற எண்ணை அழுத்தினால், அதன்பின் தொடும் ஒவ்வொரு விசையும் தன் பெயரைச் சொல்லும்; வேறெதுவும் நிகழாது. மறுபடியும் அவ்விரண்டையும் அழுத்தினால் பழைய நிலை திரும்பும். முதல் வாரம் முழுவதையும் இப்பயிற்சிக்கே கொடுக்கலாம்.

ஹவுரா ரயில் நிலையத்தில் 20-க்கும் மேற்பட்ட நடைமேடைகள் உள்ளன. ஊருக்குச் செல்பவர் எல்லாவற்றிலும் ஏறி இறங்குவதில்லை. அறிவிப்பைக் கேட்டுத் தமக்குரிய நடைமேடைக்கே செல்கிறார். இணையப் பக்கமும் அப்படியே. ஹெச் விசை தலைப்புகளுக்கும், கே விசை இணைப்புகளுக்கும், எஃப் விசை நிரப்பவேண்டிய கட்டங்களுக்கும் தாவச் செய்யும். ஷிப்டைச் சேர்த்து அழுத்தினால் பின்னோக்கிச் செல்லலாம். கட்டத்தில் எழுத என்டர். எழுதி முடித்து வெளியேற எஸ்கேப். பேச்சை நிறுத்தக் கண்ட்ரோல். இருக்குமிடம் மறந்துபோனால், இன்செர்ட்டுடன் டி விசையை அழுத்த, திறந்திருப்பதன் தலைப்பைக் குரல் சொல்லும். கடவுச்சொல்லை எழுதும்போது குரல் எழுத்துகளைச் சொல்லாது. ஆகவே இரகசியம் அவரிடமே இருக்கும்.

குடும்பத்தார் செய்யவேண்டியது

அவர் தடுமாறும்போது கையைப் பிடித்து நீங்களே அழுத்திவிடாதிருங்கள். ஐந்து நிமிடத்தில் நீங்கள் முடிப்பதை அவர் ஐம்பது நிமிடத்தில் முடித்தாலும், அது அவர் முடித்த காரியம். படத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் பக்கங்களும் உண்டு. அங்கே அவர் கேட்டால் உதவுங்கள்.

நம் சபைகளுக்கும் இதில் பங்குண்டு. பழைய தமிழ் எழுத்துருக்களில் அச்சிட்ட அறிவிப்பைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே வாசிக்கும். படமாக அனுப்பும் பாட்டுத்தாளில் அதற்கு வாசிக்க ஒன்றுமே இராது. யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பினால், ஞாயிறு ஆராதனைக்கு அவரும் ஆயத்தமாக வரலாம்.

ஹூக்ளி நதிக்கு அக்கரையிலுள்ள கல்கத்தா பார்வையற்றோர் பள்ளி, லால் பிஹாரி ஷா என்பவரால் 1897-இல் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் விரல் புள்ளிகளைத் தடவி வாசித்தது. இன்று அதே விரல் விசைகளையும் அறிகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்கும் உரியது. அந்த வாசலில் நுழையக் கணினிப் பழக்கம் பெரிதும் துணைசெய்யும்.

ஆகவே வாசகரே, இந்த வாரமே உங்கள் கணினியில் அம்மென்பொருளை நிறுவி, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அவருக்கென்று விட்டுக்கொடுங்கள். அடுத்த கடிதத்தை அவர் தாமே வாசிக்கட்டும்.