ரெண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் மெஷின் ஓடும்... எப்படி? லாஜிக் கேட் கணக்கு இதுதான்!

தகரத்தை வெட்டி, வளைத்து, துளை போடும் பவர் பிரஸ் மெஷினைப் பார்த்திருக்கிறீர்களா? பல மெஷின்களில் முன்பக்கம் ரெண்டு பட்டன் இருக்கும். ஒன்று இடது ஓரம், இன்னொன்று வலது ஓரம். ஒன்றை மட்டும் அழுத்தினால் மெஷின் அசையாது. ரெண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் டை இறங்கும்.

காரணம் ரொம்ப சிம்பிள். ரெண்டு கையும் பட்டனில் இருந்தால், டைக்கு அடியில் விரல் இருக்க முடியாது. இந்த 'ரெண்டும் இருந்தால்தான்' என்ற விதியைக் காக்கும் சின்ன சர்க்யூட்டுக்குப் பெயர்தான் ஆண்ட் கேட்.

1, 0 என்றால் என்ன?

லாஜிக் கேட்டுக்குத் தெரிந்தது ரெண்டே விஷயம்தான். வோல்டேஜ் இருக்கிறது என்றால் 1, இல்லை என்றால் 0. 5 வோல்ட்டில் ஓடும் டிடிஎல் வகை சிப்களில், உள்ளே வருவது 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 1, 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 0. நடுவில் மாட்டிக்கொண்டால் விடைக்கு உத்தரவாதம் இல்லை.

ஆண்ட் கேட்டில் உள்ளே வரும் ரெண்டும் 1 ஆக இருந்தால் மட்டுமே வெளியே 1 வரும். வாசலிலும் கொல்லைப்புறத்திலும் பட்டன் வைத்த காலிங் பெல் இருக்கிறதே, எதை அழுத்தினாலும் அடிக்கும். அது ஆர் கேட் விதி. ஃபிரிட்ஜ் கதவு மூடி உள்ளே இருக்கும் சுவிட்சை அழுத்தும்போது விளக்கு அணைகிறது. இது தலைகீழாக்கும் நாட் கேட். மாடிப்படியில் கீழே ஒன்று, மேலே ஒன்று என ரெண்டு சுவிட்சில் ஒரே லைட்டைப் போட்டு அணைக்கிறோமே, அது எக்ஸார் கேட்: ரெண்டும் வேறு வேறாக இருந்தால்தான் 1.

சிப்புக்குள் இந்த சுவிட்ச் வேலையை டிரான்சிஸ்டர்கள் பார்க்கின்றன. இப்போது பரவலாக இருக்கும் சீமாஸ் முறையில் ஒரு ஆண்ட் கேட்டுக்கு வழக்கமாக 6 டிரான்சிஸ்டர் தேவை.

'ஆம், இல்லை' என்பதைக் கணக்காக எழுதலாம் என்று 1854-ல் புத்தகமே போட்டவர் ஜார்ஜ் பூல். அந்தக் கணக்கை மின்சார ரிலே சர்க்யூட்டில் ஓட்டலாம் என 1937-ல் எம்ஐடி ஆய்வேட்டில் காட்டியவர் கிளாட் ஷானன். அப்போது அவருக்கு வயது 21!

டேப் ஒட்டினால் என்ன ஆகும்?

இப்போது மறுபடி பிரஸ் மெஷினுக்கு வருவோம். பீஸ் கணக்கில் சம்பளம், தலைக்கு மேல் டார்கெட். ஒரு கை ஃப்ரீயாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஒரு பட்டனை டேப் ஒட்டியோ, கட்டையை முட்டுக்கொடுத்தோ நிரந்தரமாக அழுத்தி வைத்துவிடுவது உண்டு. தொழிலாளியை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. வேகத்தைக் கேட்பவர் வேறு ஒருவர்.

ஆண்ட் கேட் இதைக் கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்காது. அதற்குக் கையும் தெரியாது, டேப்பும் தெரியாது. ஒரு பக்கம் 1 வருகிறது, இன்னொரு பட்டனை அழுத்தினால் அங்கேயும் 1. விதிப்படி மெஷின் ஓடும். அந்த நேரத்தில் இன்னொரு கை எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஞாபகம் வைக்கும் கேட்

அதனால்தான் முறையான இரு கை கன்ட்ரோலில் இன்னும் ரெண்டு கண்டிஷன் சேர்க்கிறார்கள். ரெண்டு பட்டனும் அரை நொடிக்குள் அழுத்தப்பட வேண்டும். அடுத்த தடவை ஓட, ரெண்டையும் முழுசாக விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். டேப் ஒட்டிய பட்டன் ரெண்டிலும் ஃபெயில்!

'விட்டாச்சா?' என்பதை சர்க்யூட் ஞாபகம் வைக்க வேண்டுமே? ரெண்டு கேட்டை எடுத்து, ஒன்றின் வெளிவாயை இன்னொன்றின் உள்வாய்க்குக் குறுக்காக இணைத்தால் போதும். கடைசியாக வந்த நிலையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். இதுதான் லாட்ச். கம்ப்யூட்டர் மெமரியின் அடிப்படைகளில் இதுவும் ஒன்று.

எக்ஸாருக்கும் இங்கே வேலை இருக்கிறது. உயர்தர பாதுகாப்பு வகையில் ஒவ்வொரு பட்டனுக்கும் எதிரெதிர் கான்டாக்ட் ரெண்டு உண்டு. ஒன்று 1 என்றால் மற்றது 0. ரெண்டும் ஒரே மாதிரி நின்றுவிட்டால் பட்டன் பழுது என்று அர்த்தம், மெஷின் ஓடாது.

இந்த ஏற்பாடு பட்டன் அழுத்துபவரின் கையை மட்டும்தான் காக்கும். பக்கத்தில் ஹெல்ப்பர் நின்றால் அவருக்கும் தனியாக ஒரு ஜோடி பட்டன் வேண்டும். அப்போது நாலு கையும் சேர்ந்தால்தான் 1.

பிரஸ்ஸில் வேலை பார்ப்பவர்கள், டை பக்கம் யாரும் இல்லாதபோது சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு இதைச் சோதிக்கச் சொல்லலாம்: ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து, ரெண்டு எண்ணிவிட்டு அடுத்ததை அழுத்த வேண்டும். மெஷின் இறங்கினால், அதில் அரை நொடி கண்டிஷன் இல்லை என்று அர்த்தம்.